மூன்றாவது வயலில் நான் திரும்பிவிட்டேன்

இன்று வேதக்கோயிலில் பூசை முடிந்து கால்சாவில் இருக்கும் வீட்டுக்கு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அறைக்கு வந்ததும் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். சற்று நேரத்தில் அறை முழுவதும் நனைந்த ஆட்டுமயிர் வாடை. அவ்வளவுதான், எனக்கு உன்மேல் கோபம் வந்துவிட்டது. செத்துப்போனவள்மேல் இப்படிக் கோபப்படலாமா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது? உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் என்னை இங்கிலாந்தின் டோர்செட்டுக்குக் கூட்டிப் போனவள் நீ. நீ வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, ஆங்கிலேயப் பெண்மணி. சிசிலிக்காரரை மணந்து, அவர் இறந்த பிறகும் பலெர்மோவிலேயே இருந்துவிட்டவர். கோடைதோறும் இங்கிலாந்தில் தமக்கையின் வீட்டுக்குப் போவார். அந்த வருடம் தமக்கை விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ள, இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. "என்ரை அறைக்காரி இருக்கிறா, நல்லா வேலை செய்வா" என்று நீதான் சொன்னாய். மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு மட்டும் எங்களுக்கு ஓய்வு.

அந்த வீட்டு மேசை லாச்சியில் ஒரு வரைபடம் கிடந்தது. வயல்களுக்கு நடுவே பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடின. அவை நடைபாதைகள், வயல் யாருடையதாக இருந்தாலும் அந்தக் கோட்டில் யாரும் நடக்கலாம், சொந்தக்காரர் கூடத் தடுக்க முடியாது என்று சிஞ்ஞோரா விளக்கினார். அதற்குப் பிறகு உனக்கு வேறு கதை இல்லை. பாத்திரம் கழுவும்போதும் அதையே சொன்னாய். "எடியே, ஆற்றையோ காணியடி. ஆனா நாங்கள் நடக்கலாமாம். ஒருத்தரும் மறிக்கேலாதாம்." ஒரு கோடு குன்றின் மேலே போய் முடிந்தது. அங்கிருந்து கடல் தெரியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாய்.

முதல் ஞாயிறே புறப்பட்டோம். ஓகஸ்ட் மாதத்திலும் தூறல். வேலியைத் தாண்ட மரப்படி வைத்த கடப்பில் ஏறி முதல் வயலுக்குள் இறங்கினோம். முள்ளுக்கம்பியெல்லாம் நனைந்த ஆட்டுமயிர் தொங்கியது, இன்றைய அதே வாடை. என் சப்பாத்துக்குள் தண்ணீர். நீயோ முன்னால் விறுவிறு என்று போய்க்கொண்டிருந்தாய். இரண்டாவது வயலில் பார்லிக்கு நடுவே ஒரு ஆள் போகும் அகலத்தில் பாதை இருந்தது. மூன்றாவதில் மாடுகள் நின்றன, அவற்றுக்குப் பின்னால் நாயோடு ஒரு மனிதர்.

அவர் தூரத்திலேயே கத்தத் தொடங்கினார். கையை நீட்டி நாங்கள் வந்த பக்கத்தைக் காட்டினார். எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான், பொலிஸ்.

நான் உன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, போவம்."

"ஏன்? இது பாதை."

"பொலிஸைக் கூப்பிடப் போறான்."

"கூப்பிடட்டும். வந்து மப்பைப் பாக்கட்டும்."

நீ மழையிலேயே வரைபடத்தை விரித்தாய். எனக்கு ஒக்டோபரில் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் தங்கும் அனுமதி, புதுப்பிக்க வேண்டும். அது இருந்தால்தான் மன்னாரில் இருக்கும் பிள்ளைகளை எடுப்பிக்க விண்ணப்பம் போடலாம். ஒரு பொலிஸ்காரர் என் பெயரை எழுதிக்கொண்டால்? நான் திரும்பி நடந்தேன். நடந்தேன் என்பது பொய், ஓடினேன்.

தெருவோரக் கோயில் மதிலில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்தேன். நீ வந்தபோது கெண்டைக்கால் முழுவதும் முள் கீறல். முகம் மட்டும் சிவந்து பளபளத்தது. "அவர் புறுபுறுத்துக்கொண்டு போயிட்டார்" என்றாய். பிறகு மெதுவாக, "கடல் தெரிஞ்சுதடி" என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "உனக்கென்ன, நீ நிண்டு சண்டை பிடிப்பாய். எனக்குப் பிள்ளையள் இருக்கு. உனக்கு ஆர் இருக்கினம்?"

மீன்பிடிக்கப் போன உன் புருசன் திரும்பி வராத கதை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். நீ வரைபடத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாய். இரவுச் சாப்பாட்டின்போது என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னுமொரு உருளைக்கிழங்கு வைத்தாய். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டியிருக்கலாமே! திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு பேய்மழை. அதற்கடுத்தது பெட்டி கட்டும் நாள். "வாற வருசம் ரெண்டு பேரும் மேல மட்டும் போவம்" என்றாய். அடுத்த வருடம் சிஞ்ஞோராவுக்கு உடம்பு முடியாமல் பயணம் நின்றது. அந்த வருடம் நவம்பரில் ஒரு காலை, அவர் வீட்டில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்த நீ அப்படியே சரிந்தாய். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரே அறையில் படுத்தெழும்பியும் அந்த வார்த்தையை நான் திரும்ப எடுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன். நீ எனக்கு ஒரு நாளைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பிள்ளைகள் தொண்ணூற்றாறில் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன் பெர்மெஸ்ஸோ கந்தோரில் வேலைக் கடிதம் கேட்டார்கள், வீட்டு ஒப்பந்தம் கேட்டார்கள், கலியாணப் பதிவு கேட்டார்கள். இங்கிலாந்தில் எவருடைய வயலில் கால் வைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்காத அந்தக் கேள்விக்காகத்தான் உன்னை அந்த மனிதர் முன்னால் தனியே விட்டுவிட்டு ஓடினேன்.

போன வியாழக்கிழமை மகளோடு நகருக்கு வெளியே சியாகுல்லிப் பக்கம் நடந்தேன். மண்டரின் பழத் தோட்டத்துக்குள்ளிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். என் கால் தானாகத் திரும்பிவிட்டது. "அம்மா, அவர் பொன் ஜோர்னோ, வணக்கம் எண்டுதானே சொன்னவர்?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பயம் இன்னும் காலில் இருக்கிறது. நெஞ்சில் இருப்பது வேறு. உனக்கு ஆர் இருக்கினம் என்று கேட்டேனே, நான் இருந்தேனடி. மதிலில் குந்தியிருந்த அந்த இரண்டு மணி நேரமும் உன் தலை எப்போது தெரியும் என்று வயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.