எட்டு ஊமைக் கோமூஸ்

பிப்ரவரி 11

வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்: ஏழாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதே தூங்கிவிட்டேன். நெற்றி பியானோக் கட்டைகள் மேல் விழுந்தது. பிள்ளைகள் அதைப் புதுப் பயிற்சி என்று நினைத்து அதே சுருதியில் "ஆ…" என்று பாடினார்கள். ஒருவர்கூடப் பிசகவில்லை. இந்த வருடம் நான் நடத்திய ஒரே உருப்படியான பாடம்.

கதவுக் கண்ணாடியில் தலைமையாசிரியை தமாரா எஜேயின் முகம். மதியம் கூப்பிட்டுவிட்டார். நூரூஸ் வசந்தப் பண்டிகையன்று நடக்கும் வட்டாரப் போட்டியில் நம் மூன்று நரம்புக் கோமூஸ் வாத்தியக் குழு பரிசு வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு இசைக்கென்று தனிப் பாடவேளை கிடையாது. ஓவியத்தோடு சேர்த்து ஊல்கானே பார்த்துக்கொள்வாள். "உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும், கெங்கெஷ் அகாய்." தூங்கியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுதான் வலித்தது.

ஊல்கானா! அவள் வரையும் குதிரைக்கு ஐந்து கால் என்று ஆசிரியர் அறையில் பரப்பியவனே நான்தான்.

பிப்ரவரி 13

குழுவில் பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு கோமூஸ். அவர்களில் அதைப் பேசவைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர்.

பிப்ரவரி 20

வழி கண்டுபிடித்தாயிற்று. கோமூஸ் வாசிப்பில் பாதி கண்ணுக்குத்தான்: கை தோளுக்குப் பறக்கும், புறங்கை மீட்டும், வாத்தியமே தலைகீழாகும். தெரியாத எட்டுப் பேரின் நரம்புகளையும் தளர்த்திவிட்டேன். அவர்கள் கைவீச்சை மட்டும் கற்றால் போதும், சத்தத்தை மற்ற நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் நானும் பதின்மூன்றாவதாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்காருவேன். குழுவுக்கு ஒரு கனம் வேண்டாமா?

எட்டு ஊமைகளில் ஒருத்தி புரூல். கோமூஸ்தான் ஊமை, அவள் வாய் அல்ல. "சத்தமே வராதுன்னா ஆளுக்கொரு விறகுக்கட்டையைக் குடுத்திருக்கலாமே, அகாய்?"

அடுத்த வருஷம் இறுக்கித் தருகிறேன் என்றேன்.

"அடுத்த வருஷம் பாட்டு கிளாஸே இல்லைங்கறாங்க."

இந்தப் பள்ளியில் என்னைவிட வேகமாக வம்பு பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 4

நிலக்கரி தீர்ந்துவிட்டது. கோட்டைக் கழற்றாமல் பாடுகிறோம். களைப்பு, களைப்பு. பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருடம் – எப்படித் தள்ளுவது?

மார்ச் 10

ஒரு சேதி. பள்ளி விட்ட பிறகும் ஊல்கானின் ஓவிய அறையில் விளக்கு எரிகிறது. உடற்பயிற்சி ஆசிரியன் தைனார் தோளில் ஏதோ மூட்டையோடு உள்ளே போனான். அவள் விதவை, இவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. கணக்கு டீச்சரிடம் மட்டும்தான் சொன்னேன். அதாவது, எல்லோரிடமும்.

மார்ச் 21

இரண்டாம் பரிசு. எழுதக் கை ஓடவில்லை.

நாலு கோமூஸின் சத்தத்தை எதிர்பார்த்து மேடையில் உட்கார்ந்திருந்தேன். முதல் மீட்டிலேயே மண்டபம் அதிர்ந்தது. பிள்ளைகள் கையில் இருந்த பன்னிரண்டும் பேசின. முகத்தில் புன்னகையைப் பிடித்துவைத்திருந்தேன்.

இறங்கியதும் புரூலை நிறுத்தினேன். நரம்பை யார் இறுக்கினது?

"ஊல்கான் எஜே. ஒரு மாசமா தினமும் சொல்லிக்குடுத்தாங்க. உங்க ஒத்திகைக்கு முன்னாடி திரும்பத் தளர்த்தி வெச்சுடுவோம். தைனார் அகாய்தான் கோமூசையெல்லாம் மூட்டையாக் கட்டித் தூக்கிட்டு வருவாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்களாம்."

வெளியே பண்டிகைக்கான சுமோலோக் கோதுமைக் கஞ்சிக் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள் ஊல்கான். பக்கத்தில் போய் நின்றேன். துடுப்பை என் கையில் கொடுத்தாள்.

"குதிரைக்கு நாலு கால்தான், அகாய். எண்ணிப் பாத்துட்டேன்."

கை ஓயும்வரை கிண்டினேன்.

மே 24

தமாரா எஜே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இசைப் பாடவேளை இருக்கிறது. நானே போய் அதை ஊல்கானுக்குக் கொடுக்கச் சொன்னேன். எனக்கு நூலகம் போதும். "பரிசு வாங்கிக்குடுத்த மனுஷன் நீங்க, எதுக்கு விட்டுக்குடுக்கறீங்க?" என்றார். விரல் மூட்டில் வலி என்றேன்.

கல்லூரியில் நான் படித்தது அக்கார்டியன். அன்று மேடையில் நரம்பு தளர்ந்திருந்த கோமூஸ் ஒன்றே ஒன்றுதான். அது நடுவில் இருந்தது.