பின்விளக்காக இருந்தவனுக்கு

மச்சான்,

உழவு மெசின் இழுக்கிற எங்கள் கூடாரப் பெட்டியின் பழைய பின்விளக்கு இப்போது என் கட்டில் தலைமாட்டில் கிடக்கிறது. பங்குனி தொடங்க முன்னம் மகள் பவானி அதைக் கழற்றினாள். ஆணிகள் கறள் பிடித்து இறுகியிருந்ததால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. மூடி கையோடு வந்தபோது உள்ளே பல்லி முட்டைக் கோதும், ஒரு பிடி மணலும், கறுத்துப்போன பல்பும் இருந்தன. சிவப்பு மூடியை வெயில் தின்று வெளிறவைத்திருந்தது. கறளும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. அந்த மணம் வந்தால் நீயும் வருகிறாய். பெட்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து, கால்கள் மட்டும் வெளியே தெரிய, “உப்புத் திண்டுபோட்டுது மச்சான், இனி உது எரியாது” என்று சொல்லுகிற நீ.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லப் பவானி எழுதுகிறாள். உன் முதுகில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த அதே பவானி, இப்போது நெல்லியடியில் புருசனோடு சேர்ந்து வாகனப் பற்றறிக் கடை வைத்திருக்கிறாள். சில இடங்களில் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை என்கிறேன்.

விளக்கு மாற்ற வேண்டி வந்தது என் மனுசியால், உன் தங்கச்சியால். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவள் மட்டுவில் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். பங்குனித் திங்கட்கிழமையில் முன்புபோலக் கூடாரப் பெட்டியோடு வந்து, மர நிழலில் தங்கிப் பொங்குவதாக நேர்த்தி. நீ போய்விட்டாய். போன வருடம் நான் பெட்டியை எடுக்கவில்லை. கடைசிக் கிழமை கட்டிலில் கிடந்து நீ என்னிடம் கேட்டாயே, பெட்டி எங்கை நிக்குது என்று. மாமரத்துக்குக் கீழே என்றேன். “பின்னாலை ஆள் இல்லாமல் எடுக்காதை” என்றாய். உன் இடத்தில் வைக்க எனக்கு ஆள் இல்லை. இந்த வருடமும் அதையே சொல்லி, போன ஆளுக்கு இனி என்ன நேர்த்தி என்றும் கேட்டுவிட்டேன். உன் தங்கச்சி பார்த்த பார்வையை நீ கண்டிருக்க வேண்டும்.

“அண்ணை எழும்பவேணும் எண்டு நான் கேக்கேல்லை. நோவில்லாமல் இருக்கவேணும் எண்டுதான் கேட்டனான். நோவில்லாமல்தானே போனவர்? அம்மன் செய்திட்டாள். நான்தான் இன்னும் செய்யேல்லை.”

அதற்குப் பிறகு போகாமல் இருக்க வழியில்லை. ஆனால் என் கண்ணில் புகை படர்ந்துவிட்டது. உழவு மெசினைப் பவானியே ஓட்டுவாள் என்று வீட்டில் முடிவாயிற்று. சரி, நான் பின்னால் உன் இடத்தில் இருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். பழைய விளக்கை எறிந்துவிட்டு எல்.ஈ.டி விளக்குப் போடப்போகிறாளாம். எத்தனை தூரத்தில் வருகிறவனுக்கும் தெரியுமாம். பின்னால் ஒருவரும் காவல் இருக்கத் தேவையில்லையாம். “நீங்கள் உள்ளுக்குப் பாயிலை படுத்துக்கொண்டு வாங்கோ அப்பா” என்றாள்.

பாயில் படுத்துக்கொண்டு போவது சாமான்கள்தான், மச்சான். அரிசி மூட்டை, கத்தரிக்காய்ப் பை, விறகுக் கட்டு, அவற்றோடு நான். மெசின் பிடிக்கக் கண் இல்லை, பின்னால் இருக்க விளக்கு வந்துவிட்டது, பிறகு நான் எதற்கு என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. எல்.ஈ.டி வேண்டாம், அது கண்ணைக் குத்தும், ஊரான் ஏசுவான் என்று வேறு வேறு காரணம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நான் சில நாள் அவளோடு கதைக்கவில்லை.

நீயும் நானும் சேர்ந்து தொழில் செய்த காலத்தில் யாருக்கு எது வேலை என்ற கேள்வியே வந்ததில்லை. நான் சங்கு குளிக்கிறவன். நீ வள்ளத்தில் நின்று என் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கிறவன். கயிற்றை மச்சான்காரன் கையில் கொடுப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். தங்கச்சியின் தாலி தன் கையில் இருக்கிறது என்று அவன் கண் அயரமாட்டான். ஒரு இழுப்பு என்றால் சுகம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. ஒருநாள் கடலடிப் பாறை இடுக்கில் என் கால் சிக்கிவிட்டது. மூன்று தரம் இழுக்கப் பலமில்லாமல் ஒரு தரம் மட்டும் இழுத்தேன். அது சுகத்துக்கான இழுப்பு இல்லை என்று உன் கைக்கு எப்படித் தெரிந்ததோ. நீ இழுத்த வேகத்தில் நான் மேலே வந்தேன். உன் வலத்தோள் மூட்டு விலகிப்போயிற்று. அது பிறகு பழையபடி வரவேயில்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் என்னிடம் கதைத்ததுமில்லை.

பிறகு கடலுக்குப் போகத் தடை வந்தது. வள்ளத்தை விற்று இரண்டு சில்லு உழவு மெசினும் அதற்குப் பின்னால் இழுக்கிற பெட்டியும் வாங்கினோம். சாமான் ஏற்றினோம், சனம் ஏற்றினோம். வல்வெட்டித்துறையை விட்டு ஓட வேண்டி வந்தபோது, நீதான் தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் பெட்டிக்கு மேலே கூரை கட்டிப் படங்கு போர்த்தாய். உள்ளே பலகை அடித்து மேலும் கீழுமாகப் படுக்கை. வாசல் பக்கம் மண்ணெண்ணெய் அடுப்பு. கூரைக் குழாயில் உன் தங்கச்சி ஏணை கட்டிப் பவானியைப் போட்டாள். எத்தனை ஊர்களில், எத்தனை பள்ளிக்கூட வளவுகளில் அந்தப் பெட்டிக்குள் படுத்தெழும்பினோம். கூடாரத்தில் இருந்த சனம் எங்கள் பெட்டியைப் பார்த்து, “உவையளுக்கென்ன, சில்லு வைச்ச மாளிகை” என்று பகிடி பண்ணும். நீயும் விடமாட்டாய். மாளிகைக்கு வாடகைக்கு ஆள் எடுக்கிறோம், கூரை ஒழுகும் பக்கம் மலிவு என்பாய்.

பின்விளக்கு வாங்கிய புதிதில் எரிந்தது. ஒரு மாரி கழிய எரியவில்லை. நீ கீழே நுழைந்து பார்த்துவிட்டு வந்து உப்பின்மேல் பழியைப் போட்டாய். மெசினின் கைபிடி உதறுகிற உதறலுக்கு உன் தோள் தாங்காது; பின்னால் இருப்பதற்குத் தோள் தேவையில்லை என்றாய். அரிக்கன் லாம்பின் சிமினிக்கு, வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய சிவப்புப் பெயின்ற் பூசினாய். முதல் தரம் கொளுத்தியபோது பெயின்ற் சூடாகி எழுந்த நாற்றத்தில் ஏற்றிவந்த சனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டது. பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு, மடியில் லாம்போடு நீ இருப்பாய். மெசின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று ஒரு கயிற்றை என் மணிக்கட்டில் கட்டி மறு நுனியை நீ வைத்துக்கொண்டாய். ஒன்று என்றால் சுகம். இரண்டு என்றால் பின்னால் வாகனம், ஒதுங்கு. மூன்று என்றால் நிறுத்து. தரையிலும் எனக்குக் கயிறு பிடிக்க நீ இருந்தாய்.

ஒருதரம் பொலிஸ்காரன் ஒருவன் மறித்து, பின்விளக்கு எங்கே என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். நீ லாம்பை உன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாய்.

“நான்தான் ஐயா.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போ என்று கை காட்டினான்.

சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, பெட்டி வருடத்தில் ஒருமுறை, பங்குனித் திங்களுக்கு மட்டும் மறுபடியும் வீடாகும். மட்டுவிலில் ஒரு மரத்தின் கீழ் நிறுத்திப் படங்கை அவிழ்த்து விரிப்போம். உன் தங்கச்சி பானை வைப்பாள். நீ கத்தரிக்காயோடு குந்துவாய். நான் வெட்டினால் உனக்குப் பிடிக்காது. நாலாய்ப் பிளந்து காம்போடு விடவேண்டும், நான் சீவுவது மாட்டுக்குப் போடுவதற்காம். அந்த நாட்களில் நான் பலதரம் சொல்லியிருக்கிறேன், ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டுப் பின்விளக்கைச் சரிபார்ப்போம் என்று. நீ ஒருதரமும் விடவில்லை. “விளக்கு பேய்க்காட்டும் மச்சான். மனுசன் பேய்க்காட்டான்” என்பாய்.

பேய்க்காட்டி ஏமாற்றியது யார் என்று பவானிதான் கண்டுபிடித்தாள். புது விளக்குக்கு வயர் இழுக்க, நீ கிடந்த அதே இடத்தில் மல்லாந்து கிடந்தவள் கூப்பிட்டாள்.

“அப்பா, இஞ்சை வாங்கோ. இது உப்புத் திண்டதில்லை. கத்தியாலை வெட்டினது.”

எனக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் கையை விட்டுத் தடவினேன். வயர் நேராக அறுபட்டிருந்தது. இரண்டு நுனியையும் தனித்தனியே வலை நூலால் சுற்றி, மெழுகு பூசி, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் செருகி முடிந்திருந்தது. நூலை இரண்டு தரம் மடித்து இடப்பக்கமாக இழுத்து இறுக்குகிற முடிச்சு. அதை என் இடுப்பில் எத்தனை தரம் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியிருக்கிறேன். வேறு யாரும் அப்படி முடிவதில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. மாரி மழையில் படங்குக்கு வெளியே நனைந்துகொண்டு இருந்தாயே. கால் விறைத்து, இறங்க முடியாமல் நான் தூக்கி இறக்கிவிட்ட நாட்கள் உண்டே. அந்த இரண்டு நுனியையும் சேர்த்து விட்டிருந்தால் உள்ளே படுத்து வந்திருப்பாய். நேரே குசினிக்குப் போனேன். உன் தங்கச்சி பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“கொண்ணர் விளக்கு வயரை வெட்டிவைச்சது உமக்குத் தெரியுமோ?”

“தெரியும்.” அவள் சுளகை நிறுத்தவில்லை. “மெழுகு ஆர் குடுத்தது எண்டு நினைக்கிறியள்?”

நான் வாசலிலேயே நின்றேன்.

“வள்ளமும் போச்சு, தோளும் போச்சு. அந்த விளக்கும் எரிஞ்சால் அண்ணை எங்கடை வீட்டிலை என்னெண்டு இருந்து சாப்பிடுவார்? உங்களுக்கு உது விளங்கியிருந்தால் நீங்களும் சொல்லியிருப்பியள், விளக்கு எரியேல்லை எண்டு.”

திரும்பி வந்து பவானியிடம், உன் விளக்கைப் போடு பிள்ளை என்றேன்.

அதுவும் இலேசில் எரியவில்லை. மெசினில் இருந்து நேரே வயர் கொடுத்தபோது, வேகம் கூடினால் பளிச்சென்றும் குறைந்தால் கண்ணடித்தும் கூத்துக் காட்டியது. பிறகு அவள் கடையில் இருந்து சின்னப் பற்றறி ஒன்று கொண்டுவந்து பெட்டியில் பூட்டினாள். பழைய விளக்குக்கு மின் திரும்பிப் போகிற வழி, மெசினோடு பெட்டியைப் பூட்டுகிற கொழுவியின் இரும்பாக இருந்ததாம். அது கறள் பிடித்துவிட்டது என்று அதற்கும் தனி வயர் இழுத்தாள். சுவிச்சைப் போட்டாள். பல்பு என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் சிவக்கும். இது யோசிக்கவேயில்லை. மாமரத்தின் அடியும் கிணற்றுக் கட்டும் சிவந்து போயின. புகை படர்ந்த என் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது. நல்லாய் எரியுது என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் எரிந்தது, மச்சான். உனக்கும் பிடித்திருக்கும், பிடித்தது என்று சொல்லியிருக்கமாட்டாய்.

பங்குனியின் கடைசித் திங்கள், விடியப்புறம் வெளிக்கிட்டோம். பவானி மெசினைப் பிடித்தாள். உன் தங்கச்சி உள்ளே பானைகளோடு இருந்தாள். நான் பாயில் படுக்கவில்லை. பின்பலகையில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். பவானி திரும்பிப் பார்த்துவிட்டு மெசினை எடுத்தாள்.

நெல்லியடி தாண்டியதும் பின்னால் ஒரு வான் வந்தது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, விலத்திப் போயிற்று. அதன் பிறகு ஒரு லொறி. பிறகு மோட்டார்சைக்கிள்கள். ஒவ்வொருவனும் வெளிச்சத்தைக் கண்டு தானாகவே ஒதுங்கிப் போனான். யாருக்கும் நான் எதுவும் காட்டத் தேவையிருக்கவில்லை. என் இரண்டு கையும் முழங்காலில் கிடந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பலகையைப் பிடித்துப் பார்த்தேன், மடியில் வைத்துப் பார்த்தேன். வரணி வருவதற்குள், நீ ஏன் அந்த வயரை வெட்டினாய் என்பது உன் தங்கச்சி சொன்னதைவிட நன்றாக எனக்கு விளங்கிவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“சும்மா இருக்காதேங்கோ. இந்தப் பாலைப் பிடியுங்கோ, தளும்பப் போகுது.”

பால் வாளியை வாங்கினேன். அன்று விடிய அயல் வீட்டில் கறந்த பால், சூடு ஆறியிருக்கவில்லை. மூடியை அமத்தி, மேலே துணி போட்டு, சுற்றிவர இறுக்கிக் கட்டியிருந்தாள். கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு வராது. நான் இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளம் வந்த இடமெல்லாம் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன்.

மட்டுவிலில் இறங்கியதும் அவள் வாளியை வாங்கித் துணியை அவிழ்த்துப் பார்த்தாள்.

“ஒரு சொட்டும் சிந்தேல்லை” என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நானும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓம் என்றேன். அந்தப் பாலின் சூடு இன்னும் என் மடியில் இருக்கிறது.