மூன்றரை அடிக் கதவு

நேயாஃபு, வவாவு தீவு
மார்ச் 9, 1993

அன்புள்ள கெலேபிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளைகள் மூவரும் சுகம். சிட்னியில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. உன் கடிதத்தில் வீட்டைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது; உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வரைபடம் வந்து சேர்ந்தது. தச்சர் மாதெனி நம் மனையில் முளையடித்துக் கயிறு கட்டினார். பழைய வீட்டைப் புயல் கொண்டுபோனதிலிருந்து உன் அக்கா லாவினியாவின் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் அந்தக் கயிறுகளைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் படுத்துப் புரண்டார்கள். நானும் சமையலறைக் கட்டத்துக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

ஆனால் கெலேபி, ஏமெலேயின் அறையையும் பையன்களின் அறையையும் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறாயே, சிட்னிக்குப் போனதும் நம் முறையெல்லாம் மறந்துவிட்டதா? அக்காவும் தம்பிகளும் ஒரே சுவருக்கு இருபுறமும் தூங்குவதா? லாவினியா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத யாரு வரைஞ்சது? என் தம்பியா, வெள்ளைக்காரனா?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

இடம் போதவில்லை என்று சொல்வாய். ஏன் போதவில்லை? பின்பக்கத்தில் ஓர் அறை வரைந்திருக்கிறாய். அதற்கு மட்டும் தனிக் குளியலறை, வெளியே போகத் தனிக் கதவு. வீட்டுக்குள்ளிருந்து அதற்குள் போக வழியே இல்லை. அது யாருக்கு? எல்லா அறைக்கும் 'எமக்கு', 'பிள்ளைகளுக்கு' என்று எழுதிய கை அங்கே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் கதவு மூன்றரை அடி அகலம் வேண்டுமாம். மாதெனி சிரித்துவிட்டு, "உம் புருஷன் என்ன, பன்னியைச் சோடி போட்டு உள்ள ஓட்டிட்டு வரப்போறானா?" என்றார். முன்னால் படியும் வேண்டாம், சிமெண்டுச் சரிவு போதும் என்கிறாய். எதை உருட்டுவதற்கு? குழந்தை வண்டியையா?

கடைசியாக வந்த புகைப்படத்தையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக்குக் கீழே கத்தரித்து அனுப்பியிருக்கிறாய். உன் மடியில் யார் உட்கார்ந்திருந்தது? கிறிஸ்துமஸுக்கு நீ வராததற்கு ஓவர்டைம்தான் காரணமா? அங்கே ஒருத்தி இருந்தால் இருக்கிறாள் என்று எழுது. என் கூரைக்கு அடியில் அவளைக் கொண்டுவந்து வைக்க நானே செங்கல் சுமக்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதே.

உண்மையை எழுதும் வரை அந்த அறையின் கயிற்றை அவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஜெபத்தில் உன்னை மறக்காத,
மெலினைட்டே

*

சிட்னி
ஏப்ரல் 2, 1993

அன்பு மெலினைட்டே,

உன் கடிதம் கிடைத்தது. அப்படி யாரும் இல்லை. புகைப்படம் மழையில் நனைந்துவிட்டது, அதனால்தான் வெட்டினேன்.

பின்னறை விருந்தாளிகளுக்கு. பிள்ளைகளின் அறைகளை உன் விருப்பப்படி மாற்றிக்கொள். சமையலறையையும் மாற்றிக்கொள். அந்த அறையையும் கதவின் அகலத்தையும் மட்டும் தயவுசெய்து மாற்றாதே. ஏன் என்று இப்போது கேட்காதே. ஜன்னல்களும் கூரைத் தகடுகளும் அடுத்த கப்பலில் வரும்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஏமெலே பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டாளா?

கெலேபி

*

நேயாஃபு, வவாவு
மே 17, 1993

என் கெலேபி,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பதில் வந்த அன்றைக்கே பின்னறைக்கு அடித்திருந்த முளைகளையும் பிடுங்கச் சொன்னேன். அந்த இடத்தில் சேம்பும் நட்டேன். விருந்தாளி என்று யாரைச் சொல்கிறாய்? நம் வீட்டு விருந்தாளிகள் என்றைக்குத் தனிக் கதவு கேட்டார்கள்? கூடத்தில் பாய் விரித்தால் வரிசையாகப் படுத்துக்கொள்கிறவர்கள்தானே. உன் கடிதம் என் சந்தேகத்தை இன்னும் ஊதிவிட்டது. அவளுக்கு ஒரு முகம்கூடக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பாய் முடையும்போதெல்லாம் அந்த முகத்தோடுதான் சண்டை.

போன திங்கட்கிழமை மாதெனி ஜன்னல் வரும் இடங்களை அளந்து குறிக்க வந்தார். வந்தவர் சேம்புச் செடிகளைப் பார்த்ததும் அளவு நாடாவைச் சுருட்டி வைத்தார். அப்புறம், "நான் விளையாட்டாப் பேசிட்டேன் மெலினைட்டே. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் போட்டப்ப இதே அளவுதான் குடுத்தாங்க. அதே மூணரை அடி, அதே சரிவு. சக்கர நாற்காலிக்கு" என்றார்.

கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு அப்படியே தொலைபேசி நிலையத்துக்குப் போனேன். அழுக்குப் பாவாடையோடு வரிசையில் நின்றேன். உன் சித்தப்பா மகன் சியுவேலியின் வீட்டில் அவன் மனைவி தோகிலுபேதான் எடுத்தாள். "கெலேபிக்கு என்ன?" என்று மட்டும் கேட்டேன்.  "அக்கா, அவரு இன்னுமா உனக்குச் சொல்லல?" என்றாள்.

நவம்பரில் மரக்கிடங்கில் தடிகள் சரிந்ததைச் சொன்னாள். இடுப்புக்குக் கீழே உனக்கு உணர்வில்லாததைச் சொன்னாள். "வீடு முடியிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு அக்கா. அந்த ரூம் அவருக்குத்தான். உனக்குப் பாரமா இருக்கக் கூடாதாம். யார் தூக்கத்தையும் கெடுக்காம பின்னாலயே இருந்துக்குவாராம்" என்றாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்தான் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி வைத்தார்.

ஆறு மாதம் கெலேபி! ஆறு மாதமாக நீ அங்கே தனியாக இதைச் சுமந்துகொண்டு எனக்கு ஜன்னல் அளவு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் இங்கே உன்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உன் மடியில் யார் என்று கேட்டேனே, அந்த வரியை அழித்துவிடு. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கோபமும் குறையவில்லை. நீ எதை நினைத்துப் பயந்தாய்? நான் போய்விடுவேன் என்றா? நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. நீ என்னைச் சந்தேகப்பட்டது?

லாவினியாவிடம் நானே சொன்னேன். அவள் முன்பே அறிந்திருப்பாளோ என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. இல்லை, அவளும் அறிந்திருக்கவில்லை.  மறுநாள் காலையில் மண்வெட்டியோடு மனைக்கு வந்து எனக்கு முன்னால் சேம்பைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

வரைபடத்தை மாற்றிவிட்டேன். மாதெனி கயிறு கட்டி முடித்துவிட்டார். பின்னறை இல்லை. துறைமுகத்தைப் பார்த்தாற்போல் முன்பக்கத்தில் நம் அறை, அதோடு சேர்ந்தாற்போல் குளியலறை, பிடித்துக்கொள்ளச் சுவரெங்கும் இரும்புக் கம்பி. பையன்களைத் தெற்கு மூலைக்கு அனுப்பிவிட்டேன். வீட்டின் எல்லாக் கதவும் மூன்றரை அடி, சமையலறைக் கதவும்தான். தேங்காய் துருவுவதற்குக் கால் வேண்டாம்.

இன்னும் ஏதாவது மறைக்கிறாயா? வலி இருக்கிறதா? இரவில் உன்னைத் திருப்பிப் படுக்கவைப்பது யார்? வைத்தியர் சொன்னது எல்லாவற்றையும் ஒரு சொல்கூட விடாமல் எழுது. நீ எழுதினாலும் தோகிலுபேயிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். அந்த அளவுக்கு என்னைக் கெடுத்து வைத்திருக்கிறாய்.

வீடு முடியட்டும் என்று காத்திருக்காதே, இப்போதே புறப்பட்டு வா. கூரை இல்லாவிட்டால் தார்ப்பாய் கட்டிக்கொள்ளலாம். ஆனால் இருட்டிய பிறகு இறங்கி யார் கண்ணிலும் படாமல் வீடு சேரலாம் என்று ஏற்பாடு செய்யாதே. பகல் கப்பலில் வா. ஊர் முழுவதும் துறையில் நின்று பார்க்கட்டும். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நான் நிற்பேன். உன் நாற்காலியை நான்தான் தள்ளுவேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

கர்த்தர் உன்னைக் காத்து என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன்
மெலினைட்டே