எழுத்து வந்தால் எனக்கு, சண்டை வந்தால் மாரிக்கு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேல்காற்று வேறு. துணி காயவில்லை. ஈர யூனிபார்மோடு போனால் கம்பெனி ஸ்டோர்ஸ் முழுக்க என் வாடைதான் அடிக்கும்.

இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். மதியம் வரை ரூமில் தனியாக. லேப்டாப்பைத் திறந்தேன். மாரி ஊருக்குப் போன பிறகு இதுதான் முதல் முறை.

விளையாட்டு விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. உப்புச் சுரங்கம், மூன்றாம் தளம். எதிரே பல்லி மனிதர்கள், எட்டு பேர். பல்லிகளைக் கண்டதும் சேவ் பண்ணி மூடியது நான்தான், போன மாதம், மாரி வந்து பார்த்துக்கொள்வான் என்று.

எங்கள் ஏற்பாடு அப்படி. ரூமில் ஒரு கட்டில், ஒரு லேப்டாப், இரண்டு ஆள். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் அவனுக்கு செகண்ட். பழைய காலத்து விளையாட்டு. ஆறு பேர் கொண்ட கூட்டம் ஒன்றை நாம் நடத்திப் போக வேண்டும். பேச்செல்லாம் இங்கிலீஷ், பக்கம் பக்கமாக. அதைப் படிக்க மாரிக்கு வராது. சண்டை எனக்கு ஆகாது. அதனால் எழுத்து வந்தால் எனக்கு, சண்டை வந்தால் மாரிக்கு. அவன் அடித்து முடித்து அடுத்த எழுத்து தெரிந்ததும் மூடி வைப்பான். நான் அங்கிருந்து படிப்பேன்.

கம்பெனி பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருவன் இறங்குவான், ஒருவன் ஏறுவான். நடுவில் ஒரு டீ. அதுதான் எங்கள் ஷிப்ட் ஒப்படைப்பு. நான் அதுவரை படித்த கதையைச் சொல்வேன். அவன் யார் யாருக்கு எவ்வளவு காயம் என்று சொல்வான்.

போன மாதம் கம்பெனியில் தகடு அமுக்கும் பிரஸ்ஸில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டை விரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்கா வீட்டுக்கு, சங்கரன்கோவில் பக்கம்.

இன்று சண்டையை நானே போட்டேன். கத்தியை ஓங்கு. தவறியது. அடுத்த ஆள். தவறியது. அடுத்த ஆள், சின்னக் காயம். இனி எட்டு பல்லிகளும் வரிசையாக வந்து அடிக்கும், ஒவ்வொன்றும் ஆடி அசைந்து. அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து. குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, பஸ் வந்துவிட்டது. செத்தது இரண்டு பல்லி.

இந்த விளையாட்டைச் செய்த புண்ணியவானுக்கு வேறு வேலை இருந்திருக்காது.

ஜூலை 9, புதன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மாடியிலிருந்து ஓனரம்மா (இனி ஓ.அ.) இறங்கி வந்தார். வாசலிலேயே நின்று பேச்சு.

"லோகு, மாரி வர்றானா இல்லியா, ஏதோ ஒண்ணு சொல்லிடுப்பா. ஒத்த ஆளுக்கு ரூம் விட எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு."

"வந்துடுவான்க்கா. கை ஆறட்டும்."

"ஆறினா? பிரஸ்ல நிப்பானா மறுபடி?"

அவரே, "பாப, ஒள்ளே ஹுடுகா" என்று கன்னடத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டு படி ஏறினார். பாவம், நல்ல பையனாம். பையனுக்கு இருபத்தெட்டு வயசு.

கட்டில் இப்போது முழு நாளும் எனக்கே. ஆனாலும் கிளம்பும்போது தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் போகிறேன். அவனுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம் என்று வைத்திருந்தோம். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

வாங்க வேண்டியவை: சோப்பு, தேங்காய் எண்ணெய், பல்பு, கொசுவத்தி.

ஜூலை 12, சனி

மாரிக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

வலி எப்படி? "ம்." சாப்பிட்டாயா? "ம்." அங்கே மழையா? "இல்ல." இரண்டு வருஷமாக டீக்கடையில் வாய் மூடாமல் பேசியவன். எனக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. கையைப் பற்றிக் கேட்க பயம். வேலையைப் பற்றிப் பேசினால் அவன் மனசு நோகும். வானிலை அறிக்கை மாதிரி எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

வைக்கப் போகும்போது அவனே கேட்டான்.

"லோகு, அந்தப் படகுக்காரன் பொண்டாட்டி என்ன ஆனா?"

உயிர் வந்தது எனக்கு. கதையில் ஒரு படகுக்காரன் வருவான், இரண்டு கண்ணும் தெரியாது. ஏரி பொங்கி ஊர் முழுகிய அன்று அவன் மனைவி உப்புச் சுரங்கத்துக்குள் போனவள், திரும்பவில்லை. நாம் போய்த் தேடித் தர வேண்டும். முதல் நாள் இதை டீக்கடையில் சொன்னபோது மாரி டீயைக் குடிக்காமல் ஆறவிட்டான். அதிலிருந்து தினமும் இறங்கியதும் முதல் கேள்வி அவளைப் பற்றித்தான்.

"இன்னும் தெரியலடா. சுரங்கத்துலயே நிக்கறேன்."

"போ. போயி பாத்துட்டு சொல்லு."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். ஆனால் இந்த மாதத்தில் அவன் முழுசாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான். இனி அவனிடம் பேச எனக்கு ஒரு விஷயம் வேண்டும். அந்த விஷயம் பல்லிகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

வேறெங்கும் போகவில்லை. துவைக்கவில்லை. நாள் முழுக்கச் சண்டை.

எட்டு பல்லி செத்தது. நாலு எட்டு எடுத்து வைத்தேன். ஆறு பல்லி. அதுவும் செத்தது. திரும்பினேன். வௌவால் கூட்டம். வௌவால் கடித்தால் விஷம், விஷத்துக்கு மருந்து தீர்ந்துவிட்டது, மருந்து வாங்க மேலே ஊருக்குப் போக வேண்டும், போகும் வழியில் மறுபடி பல்லி. இவை எங்கிருந்து வருகின்றன? கொன்ற இடத்தில் கொன்ற எண்ணிக்கை மறுபடி வந்து நிற்கிறது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை.

கஷ்டம் என்றால்கூடப் பரவாயில்லை. கஷ்டமே இல்லை, வெறும் சலிப்பு. யோசிக்க ஒன்றுமில்லை. ஒரே பொத்தான். அமுக்கு, காத்திரு, அமுக்கு. மாரி இதை எப்படி ரசித்தான்? "அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்ல" என்பான். அம்மி நகர்ந்துவிடும் போலிருக்கிறது, பல்லி நகரவில்லை.

கூட்டத்துக்குப் பெயர் வைத்தது அவன். கேடயத்தோடு முன்னால் நிற்பவன் மாரி. பின்வரிசையில் மந்திரவாதி லோகு. திருடனுக்கு எங்கள் கேன்டீன் மேனேஜர் பெயர். இன்று எத்தனை அடி விழுந்ததோ, பாதி அந்த மாரி மேல்தான். கேடயக்காரன் வாங்குவதற்கென்றே இருப்பவன்.

பார்க்கப் பிடிக்கவில்லை. மூடிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஓ.அ. பாயசம் கொடுத்தார். வெல்லம் கம்மி.

போன் போட்டேன், அக்கா எடுத்தார். மாரி தூங்குகிறானாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு.

"எந்நேரமும் படுத்தே கெடக்கான் தம்பி. ஒரு வாய் பேச மாட்டுக்கான். ஆவணியில கல்யாணம்னு பேசி வச்சிருந்தோம்லா, பொண்ணு வீட்ல இப்ப யோசிக்காவ."

"அவனுக்குத் தெரியுமாக்கா?"

"அவன்தான் தம்பி மொதல்ல சொன்னான், அவங்கள வற்புறுத்தாதீங்கன்னு."

ஸ்டோர்ஸில் இன்று கணக்கு இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

குளிர். ஆடிக்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. அட்டை மடித்துச் செருகினேன்.

கூட வேலை செய்யும் சரவணனிடம் புலம்பியிருந்தேன். அவன் யோசனை: "எதுக்குண்ணா ஒண்டியா மல்லுக்கட்டற? நெட்ல முடிவு போட்டிருப்பான். படிச்சிட்டு உங்க ஃபிரண்டுகிட்ட சொல்லிடு. அவருக்கு என்னா தெரியப் போவுது?"

தெரியாது. தேடவும் உட்கார்ந்தேன். விளையாட்டின் பெயரைப் பாதி அடித்து நிறுத்திவிட்டேன். இரண்டு வரியில் முடிவு இருக்கும். அதைச் சொன்னால் ஒரு போன் காலில் தீர்ந்துபோகும். அடுத்த போனில் மறுபடி "ம்". அதற்குப் பயந்தே மூடினேன், நேர்மையெல்லாம் ஒன்றுமில்லை.

அதற்குப் பதிலாக ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். கம்ப்யூட்டரே சண்டை போட்டுக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு டீ போடப் போனேன். வந்து பார்த்தால் ஆறு பேரும் காலி. முதலில் விழுந்தவன் யார் என்று திரையில் எழுதியிருந்தது. மாரி வீழ்ந்தான். அதைத்தான் அந்த இங்கிலீஷ் சொன்னது.

பழைய சேவிலிருந்து எடுத்தேன். எடுத்துவிடலாம், விளையாட்டுதானே. கொஞ்ச நேரம் அழுதேன். இதை ஒருவரிடமும் சொல்ல முடியாது.

ஜூலை 26, சனி

மாரி வந்தான்!

சொல்லாமல் வந்தான், அக்கா வீட்டு அத்தானோடு. கம்பெனியில் கையெழுத்துப் போட வேண்டியது இருந்ததாம். இடது கையால் பழகிப் போட்டானாம். வலது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்தான். மெலிந்திருக்கிறான். நான் கையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அது அவனுக்கும் தெரிந்தது.

அத்தான் துணியை மடித்துப் பையில் வைத்தார். இரண்டு பேன்ட், நாலு சட்டை, கம்பெனி ஷூ, முருகன் படம், தட்டு. ஷூ எதற்கு என்று அவர் கேட்க, "கெடக்கட்டும், எடுத்துக்கோங்க" என்றான். ரூமைக் காலி பண்ணுகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓ.அ. வந்து காபி கொடுத்தார். டம்ளரை அவன் இடது கை பக்கமாக வைத்தார். அதைச் சொல்லாமல் செய்தாரே, நல்ல மனுஷி.

அத்தான் டிக்கெட் விசாரிக்கப் போனதும், லேப்டாப்பைப் பார்த்தான்.

"கெடச்சாளா?"

"இல்லடா. கடைசி தளம் வந்துட்டேன். கதவு முன்னாடி ஒரு கூட்டம் நிக்குது. ஒன்னும் ஆவல." எரிச்சலில் கொட்டிவிட்டேன். "உனக்குன்னா சண்டை புடிக்கும். எனக்கு உயிர் போவுது. எப்படித்தான் தினம் உக்காந்து போட்டயோ."

சிரித்தான். ஒன்றரை மாதத்தில் முதல் சிரிப்பு.

"எனக்கு எப்பல பிடிச்சிச்சு?"

"என்னடா சொல்ற?"

"எட்டு மணி நேரம் பிரஸ்ல நின்னு அமுக்கிட்டு வாரேன். இங்க வந்தும் அமுக்குன்னா எவனுக்குல பிடிக்கும்? பல்லியக் கண்டாலே கொமட்டும் எனக்கு."

"பின்ன ஏன்டா போட்ட?"

"அது முடிஞ்சாத்தானல நீ கதை சொல்லுவ?"

ஏதோ எனக்குத் தெரியாதா என்பது போல, சாதாரணமாகச் சொன்னான். எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாகத் தெரியாது. அலுத்து வந்து, சோறு கூட ஆக்காமல் உட்கார்ந்து, டீக்கடையில் ஒரு டீ ஆறுகிற நேரக் கதைக்காக இவன் ஒவ்வொரு பல்லியாக அடித்திருக்கிறான். நான் அவனைச் சண்டைப் பிரியன் என்று ஸ்டோர்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"இப்ப போடறியா ஒரு ஆட்டம்?" என்றேன். என்ன கேள்வி! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மவுஸைப் பார்த்தான். இடது கையால் தொட்டு, நகர்த்தி, விட்டுவிட்டான்.

"வேண்டாம்ல. நீ போடு."

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். மதுரை பஸ்ஸில் ஜன்னல் சீட். கிளம்பும்போது, "வாரா வாரம் கூப்பிடறேன்டா" என்றேன்.

"கூப்பிடு. கை எப்படியிருக்குன்னு மட்டும் கேக்காத. எல்லாரும் அதையே கேக்காங்க."

தலையாட்டினேன். பஸ் போய்விட்டது. நடந்தே ரூமுக்கு வந்தேன், தூறலில்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புது ஆள் வந்தாச்சு. பேரிகை ஊர்க்காரர், டூல் ரூமில் வேலை. வீட்டில் தெலுங்கு. குறட்டை உண்டு என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். தலையணை சொந்தமாகக் கொண்டுவந்திருக்கிறார். நல்லதாகப் போயிற்று.

நான் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்ன கேம்ணா இது, இவ்ளோ ஸ்லோவா இருக்குது? சண்டையெல்லாம் ஸ்கிப் பண்ண முடியாதா?"

முடியாதுங்க என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஓ.அ. வீட்டில் சித்ரான்னம், தேங்காய் சாதம் இரண்டும் வந்தது. புது ஆள் ஊருக்குப் போயிருக்கிறார். மழை இல்லை.

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். கதவு முன்னால் நிற்கிற கூட்டம்: பன்னிரண்டு பேர், அதில் மந்திரம் போடுகிறவன் இரண்டு. அவசரப்படவில்லை. ஒவ்வொருவராக. தவறியது. தவறியது. பட்டது. சலிப்பு கொஞ்சமும் குறையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பிடிக்காமல்தான் போட்டேன். ஒரு தடவை தோற்றேன். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி போட்டேன். கேடயக்காரனுக்கு உயிர் குறையும்போதெல்லாம் மற்ற வேலையை விட்டுவிட்டு அவனுக்கே மருந்து கொடுத்தேன். அதனால் இழுத்துக்கொண்டே போனது. இழுக்கட்டும்.

நாலு மணி வாக்கில் கடைசி ஆள் விழுந்தான். ஆறு பேரும் உயிரோடு.

கதவு திறந்தது. உள்ளே விளக்கு. உப்புக் குவியல்மேல் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கீழே எழுத்து வரத் தொடங்கியது. முதல் வரியைப் படிக்காமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு போன் போட்டேன்.

எடுத்தான்.

"மாரி, எழுத்து வந்துருச்சுடா."

அந்தப் பக்கம் கட்டில் சத்தம். எழுந்து உட்கார்கிறான்.

"இருல, படிச்சிராத. இயர்போன மாட்டிக்கிடுதேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம். அப்புறம் ஏதோ உரசல், விழுகிறது, எடுக்கிறான், மறுபடி விழுகிறது. அக்கா "நான் மாட்டி விடட்டுமா" என்பதும், இவன் வேண்டாம் என்பதும் கேட்கிறது.

காத்திருந்தேன்.