சுடாத துப்பாக்கி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. கரையேற்றிய படகுகளுக்கு மீனெண்ணெய் பூசுகிறார்கள். பட்டினத்தில் எந்த ஜன்னலைச் சாத்தினாலும் அந்த வாடை உள்ளே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கடல் ஞாபகம் வரும். எனக்கு உங்கள் துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. அதைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பட்டாளத்திலிருந்து திரும்பியதும், ராணுவத்தில் கழித்துவிட்ட அந்தப் பழைய துப்பாக்கியை லைசென்ஸ் எடுத்து வாங்கினீர்கள். காரைக்கால் நகைக்கடை வாசலில் அதோடு காவலுக்கு நின்றீர்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும் என்று, படகுக்காரர் வீட்டுப் பிள்ளையாயிற்றே, மீனெண்ணெயை எடுத்து மரக்கட்டைக்கும் இரும்புக்கும் சேர்த்துப் பூசினீர்கள். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நகை வாங்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றாங்க" என்றார் முதலாளி. எண்ணெய் காய்ந்து பிசினாகி, தோட்டா ஏற்றும் போல்ட் அப்படியே இறுகிக்கொண்டது. பட்டாளத்துக்காரர் செய்கிற வேலையா இது என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றீர்கள்.

கடைசி வரை அதைச் சரிசெய்யவே இல்லை. சுடாத துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் பஸ் ஏறினீர்கள். எவனாவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் சண்டை பிடித்தபோது, "பட்டாளத்துல ஒரு தடவ சுட்டாச்சு. விழுந்தவன் மூஞ்சி இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது. தங்கத்துக்காக இன்னொருத்தன சுட மாட்டேன். நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றீர்கள். நான் சொல்லவில்லை.

இப்போது நம் பிள்ளை செல்வமும் பட்டாளத்திலிருந்து வந்துவிட்டான். லைசென்ஸ் அவன் பெயருக்கு மாறியிருக்கிறது. அதே கடை, அதே வாசல். நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த துப்பாக்கியை வாங்கிவந்தான். அங்கே கிடந்துதான் இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். திருச்சியில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"போல்ட்டைக் கழட்டிடலாம் தம்பி. ஆனா உள்ள துரு தின்னிருக்கு. ரிப்பேர் பண்ணா சுடும். என்னைக்குக் கையிலயே வெடிக்கும்னு சொல்ல முடியாது. புதுசு வாங்கிடுங்க."

"அப்பா தூக்குனதுங்க. ரிப்பேரே பண்ணிடுங்க" என்றான் உங்கள் பிள்ளை.

ரிப்பேர் செய்தால் அவன் முகத்திலேயே வெடிக்கலாம். புதுசு என்றால் நிச்சயமாகச் சுடும். ஒன்றும் செய்யாவிட்டால் வெறும் இரும்போடு நிற்பான். அவனை வெளியே டீக்கடைக்கு இழுத்துப் போய், நீங்கள் சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன்.

"யாராச்சும் வந்திருந்தா?" என்றான்.

"வரல. அவ்ளோதான்."

"என்னால அப்படி நிக்க முடியாதும்மா. எனக்குப் புள்ள இருக்கு." உங்களுக்கும் இவன் இருந்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். "நீயே சொல்லு. ரிப்பேரா, புதுசா?"

"புதுசு" என்றேன். பழையதை அந்தக் கடையிலேயே ஒப்படைத்துவிட்டோம்.

நான் சொன்னது சரிதானா? காலையில் யோசித்தால் சரி என்றிருக்கிறது. மத்தியானம் செல்போன் அடித்தால் எடுக்காமல் மருமகளிடம் நீட்டுகிறேன். அவள், "ஏன் அத்தை, நல்ல துப்பாக்கிதானே வாங்கியிருக்காரு?" என்கிறாள். நல்ல துப்பாக்கி என்பதுதான் என் கவலை என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான், உங்களை யாரும் எதுவும் செய்துவிடக் கூடாதே என்று. செல்வம் கிளம்பும்போதும் அதே பயம் வருகிறது. அவன் தெரு திரும்பியதும் இன்னொன்றும் வருகிறது: எந்த வீட்டுப் பிள்ளையும் இவன் எதிரே வந்துவிடக் கூடாதே.