ஸ்பீக்கரில் கேட்ட ஓம்

சாய்ந்தமருது,
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றிப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் வாப்பாவும் நானும் உன் தங்கை றுமானாவும் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகன் றஸ்மியும் நல்ல சுகம். கலியாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவின் வயிறு மட்டும் கொஞ்சம் பிணங்கிக்கொண்டது, இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டேன். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகன் றாஸிக்கும் இதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் துஆ. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். பக்கத்து வீட்டுச் சுஹறா தன் மகளைப் பார்க்கக் கனடா வருகிறாள், அவளுடைய பெட்டியில், தேங்காய்ப்பாலில் நான் கிண்டிய தொதலுக்குக் கொஞ்சம் இடம் கேட்டேன், தொதலோடு இதையும் வைக்கிறேன். உண்மையான காரணம் வேறு. போனில் எனக்குக் கதை வராது என்பது உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் என்று ஊரில் பெயர், இத்தனை வருடம் வகுப்பில் நின்று படிப்பித்தும் ஆயிற்று, ஆனாலும் யாராவது நேராக ஒரு கேள்வி கேட்டால் பதில் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. காகிதம் நல்லது, அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காது.

போன மாதம் நீ போனில் கேட்டதை நான் மறக்கவில்லை. மொன்றியலில் ஒரு அரசாங்கப் பாடசாலையில் உனக்கு வேலை சரிவந்திருக்கிறது என்றாய். அந்த மாகாணத்துச் சட்டப்படி அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள் மதத்தைக் காட்டும் எதையும் அணியக் கூடாது, ஆகவே முக்காட்டைக் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் போகலாம் என்றாய். கழற்றவா, வேலையை விடவா, "நீங்க சொல்லுங்க உம்மா, நீங்க சொல்லுறதச் செய்றன்" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு லைன் அறுந்துவிட்டது. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது, "சரி உம்மா, விளங்கிட்டு" என்று. எனக்கு விளங்கவில்லை மகள். நான் பேசாமல் இருந்ததை நீ என்னவென்று எடுத்தாய்? கழற்று என்றா, வேலை வேண்டாம் என்றா? ஆகஸ்ட் முடிவதற்குள் நீ அவர்களுக்குப் பதில் கொடுக்க வேண்டும், அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் அவசரம். ஆனால் றுமானாவின் கலியாணத்தைச் சொல்லாமல் உன் கேள்விக்குள் என்னால் போக முடியாது. வீடியோவில் நீ பார்த்தது பந்தலையும் புரியாணிச் சட்டியையும்தான். நடந்த கூத்து அதில் இல்லை.

கலியாணம் பேசி முடித்த கையோடு உன் தங்கை வாப்பாவின் முன்னால் போய் நின்றாள். வாப்பா மாவடிப்பள்ளி வயல்வட்டையில் இருந்து அப்போதுதான் வந்து, வெட்டுமெசின் எப்போது வரும் என்று யாரிடமோ போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "வாப்பா, என்ட கடுத்தத்தில நானும் ஒப்பம் வைக்கணும்" என்றாள். கலியாணப் பதிவான கடுத்தம் எழுதுகிறபோது மாப்பிள்ளை ஒப்பம் வைப்பார், பெண்ணின் பொறுப்பாளரான வலி வைப்பார், நிக்காஹ் செய்துவைத்தவர் வைப்பார், சாட்சிகள் வைப்பார்கள், பதிவாளர் வைப்பார். கலியாணம் முடிக்கிற பெண்ணுக்கு மட்டும் நமது விவாகச் சட்டத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு கிடையாது. நானும் அப்படித்தான் முடித்தேன், நீயும் அப்படித்தான் முடித்தாய், நாம் இரண்டு பேரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இவள் கவனித்திருக்கிறாள். "பார்சல் வந்தா என்ட ஒப்பம் வேணும், பேங்கில காசு எடுக்க என்ட ஒப்பம் வேணும், என்னையே குடுக்கக்குள்ள மட்டும் வேணாமா" என்று கேட்டாள். வாப்பா போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுளகில் இருந்த அரிசியைப் பார்த்தேன்.

வாப்பா கோபிக்கவில்லை, பயந்தார். நிந்தவூர்ச் சம்பந்திமார் என்ன சொல்வார்களோ, இந்தப் பெண் இப்பவே சட்டம் கதைக்கிறாளே என்று பின்வாங்கிவிடுவார்களோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மகளின் சொல்லைத் தட்டாமல் பதிவாளர் மசூரிடம் போனார். மசூர் நல்ல மனிதர், வாப்பாவைச் சொந்த அண்ணன் போலக் காக்கா என்பார். புத்தகத்தையே திறந்து காட்டியிருக்கிறார். "காக்கா, நான் மாட்டன் எண்டு சொல்லல்ல, இடம் இல்ல எண்டுதான் சொல்றன். சட்டத்தில இடம் வந்தா அடுத்த நாளே என்ட புத்தகத்திலயும் வரும்" என்றாராம். அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று எத்தனையோ குழுக்கள் கூடிக் கலைந்துவிட்டன. மார்க்கத்தில் கை வைக்காதே என்று ஒரு பக்கம், இது மார்க்கம் இல்லை மனிதர் எழுதிய சட்டம் என்று இன்னொரு பக்கம். கதைக்கிறவர்களில் அநேகம் பேர் ஒப்பம் வைத்துக் கலியாணம் முடித்த ஆண்கள். வாப்பா வரும் வழியில் மௌலவியையும் பார்த்துக் கேட்டிருக்கிறார், நிக்காஹ்வுக்குக் கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், இவள் ஏன் இப்படி என்று. மௌலவி றாஸிக்கைவிட வயதில் குறைந்த பிள்ளை. அவர் சொன்னதை வாப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "வெக்கப்படுற புள்ளைக்கு அது ஒரு சலுகை காக்கா. வாய் திறக்கப்படாது எண்ட கட்டளை இல்ல." இதைக் கேட்டதும் எனக்கு ஏனோ நெஞ்சுக்குள் ஒரு கதவு அசைந்தது போல இருந்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, சிரிக்காதே. என் நிக்காஹ் அன்று என்னிடம் சம்மதம் கேட்க என் வாப்பாவும் சாட்சிகளும் அறைக்குள் வந்தபோது என் வாயில் தொதல் இருந்தது. காலையில் இருந்து நான் ஒன்றும் தின்னவில்லை என்று உன் ஹப்ஸா சாச்சி ஒரு பெரிய துண்டைத் திணித்துவிட்டு ஓடிப்போனாள். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவும் இல்லை, வரவும் இல்லை. அவர்கள் கேட்டார்கள், நான் தலையைக் குனிந்தேன், புள்ள வெட்கப்படுகுது என்று எல்லாருக்கும் சந்தோசம். உன் வாப்பாவை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் சம்மதம் சொல்லும்போது, தொடர்ந்து படிக்க விடுவாரா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். கேள்வி தொதலோடு உள்ளே போய்விட்டது. பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, றுமானாவைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு, வீட்டில் இருந்தபடியே வெளிவாரியாகப் பட்டம் படித்து முடித்தேன். உன் வாப்பா ஒருநாளும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறபோது இப்போதும் எனக்குத் தொதல் பிடிப்பதில்லை, ஆனாலும் நன்றாகக் கிண்டுவேன்.

சம்பந்தி சபியா உம்மா வீட்டுக்கு நானும் வாப்பாவும் போனோம், மறைத்துவைத்துப் பிறகு தெரிய வருவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று. வாப்பா சுற்றி வளைத்து, வெள்ளாமை, யானை, நெல் விலை எல்லாம் கதைத்து முடித்து, கடைசியில் விசயத்துக்கு வந்தார். சபியா உம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. வாப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அப்போதுதான் றஸ்மி சிரித்துக்கொண்டே, "உம்மாக்கு அந்தப் பக்கத்துக் காது கேக்காது மாமா, இஞ்சால வந்து சொல்லுங்க" என்றார். மறுபடி ஒரு முறை, உரத்த குரலில், அந்தத் தெருவுக்கே கேட்கும்படி வாப்பா சொல்ல வேண்டியதாயிற்று. சபியா உம்மா கேட்டுவிட்டு, "ஒப்பத்த நான் என்ன செய்யிற சம்மந்தி, எனக்கு எழுத வாசிக்கத் தெரியா. புள்ள வாயால சொல்லட்டும். ஆனா எனக்குக் கேக்கணும். என்ட மூத்த மகன்ட நிக்காஹ்வில மருமகள் என்ன சொன்னாள் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா" என்றா. வீட்டுக்கு வரும் வழியில் வாப்பா காரைதீவுச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். கலியாணம் முடித்த புதிதில் வாங்கித் தந்ததுக்குப் பிறகு இப்போதுதான்.

ஆக, அந்தக் காதுக்காகத்தான் ஸ்பீக்கர்காரன் பந்தலில் இருந்து ஜன்னல் வழியாகப் பெண்கள் இருந்த அறைக்குள் ஒரு மைக்கைத் தள்ளினான். வாப்பாவும் சாட்சிகளும் உள்ளே வந்தார்கள். அறைக்குள் பெண்கள் நெருக்கியடித்து இருந்தோம், என் பாடசாலையில் இருந்து புனிதவதி டீச்சரும் வந்து என் பக்கத்தில் இருந்தா. உன் வாப்பாவின் குரல் அன்று வெள்ளத்து வரம்பு போல உடைந்துகொண்டிருந்தது. "மகள், நிந்தவூர் றஸ்மிக்கு உன்ன நிக்காஹ் செய்து குடுக்க எனக்குச் சம்மதம் தாறியா" என்று கேட்டார். றுமானா மைக்கைத் தானே கையில் எடுத்தாள். "ஓம் வாப்பா, சம்மதம். வேலைக்கும் போவன்" என்றாள். நான் என் வாய்க்குள் நாக்கால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, ஆனாலும் விழுங்கினேன். அந்த நேரம் மைக்குக்குப் பக்கத்தில் இருந்த சபியா உம்மா, அது இன்னும் வேலை செய்கிறது என்று தெரியாமல், "போகட்டும், ஆரு வேணாம் எண்ட? நல்ல சத்தமான புள்ள, எங்கட வீட்டுக்குச் சத்தம் காணாது" என்றா. அது பிரதான வீதி வரைக்கும் கேட்டு, அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு நின்றவர்களும் சிரித்தார்களாம். புனிதவதி டீச்சர் என் காதுக்குள், "நிக்காஹ் ஸ்பீக்கரில ஓம் கேட்டிட்டன் டீச்சர், இனி எங்கட கோயில் ஸ்பீக்கரில நீங்க ஆமீன் சொல்லோணும்" என்றா. சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடுத்தத்தில் அவள் ஒப்பம் இல்லை மகள், அதையும் உனக்கு ஒளிக்கவில்லை. வலியின் கோட்டில் வாப்பா ஒப்பம் வைத்துவிட்டு, "கைதான் என்ட, ஒப்பம் அவட" என்று மசூரிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு ஊரே மெச்சுகிறது. றுமானா மட்டும் மெச்சவில்லை. "நல்ல பேச்சு வாப்பா, ஆனா கையும் என்டதா இருக்கணும்" என்று வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே சொன்னாள். அவள் சொல்வதும் சரிதான். சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இனி உன் கேள்வி. அங்கே ஒரு சட்டம் கழற்று என்கிறது. இங்கே செய்தி தெரிந்தால் கழற்றவே கூடாது என்று சொல்ல ஒரு தெருவே இருக்கிறது. இரண்டு பக்கமும் உன்னிடம் கேட்கவில்லை. ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த வருடம் முகத்தை மூடத்தான் இங்கே தடை வந்தது, ஆனால் ஒரு அலுவலக வாசலில் என் தலை முக்காட்டையும் கழற்றச் சொன்னார்கள், கழற்றாமல் திரும்பி வந்தேன். அன்று நான் திரும்பினேன் என்பதற்காக நீயும் திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டேன், என் முக்காடு எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உங்கள் மாகாணத்துச் சட்டத்தை எதிர்த்துக் கனடாவின் பெரிய நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது என்று றாஸிக் சொன்னார், தனியார் பாடசாலைகளில் அந்தத் தடை இல்லை என்றும் சொன்னார், அதையெல்லாம் நன்றாக விசாரி, அவசரப்படாதே. ஆனால் நான் போனில் பேசாமல் இருந்ததைச் சம்மதமாகவும் எடுக்காதே, மறுப்பாகவும் எடுக்காதே. அன்று என் வாயில் தொதல்கூட இல்லை. உனக்குப் பதிலாக நான் வைக்க வேண்டிய ஒப்பம் அது இல்லை என்று தெரிந்தும் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன். பாடசாலைக்கு நீ ஓம் சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் உன் வாயாலேயே சொல், எனக்கும் கேட்கிற மாதிரிச் சொல். எது சொன்னாலும் நோன்புப் பெருநாளைக்கு உன் பெயரில் இங்கே ஒரு பாய் விரித்திருக்கும்.

றாஸிக்குக்கு எங்கள் ஸலாத்தைச் சொல். சளிக்கு மருந்து மருந்தென்று விழுங்காமல் கொத்தமல்லி அவித்துக் குடி. அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் எல்லா முசீபத்தில் இருந்தும் காப்பாற்றி, நாவில் நல்ல சொல்லையும் வீட்டில் பறக்கத்தையும் நிறைவையும் தரட்டும், ஆமீன். சுஹறா கொண்டுவரும் தொதலைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதே, கல்லாகிவிடும். இன்னொன்று, அந்தப் பாடசாலையில் இருந்து போன் வருகிற நேரம் மட்டும் அதை வாயில் போட்டுவிடாதே.

உன் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
உன் உம்மா
ஜுனைதா