அவருக்குப் பலகை, எனக்குக் கடல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் வலியையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டால் வீட்டில் மூன்று பேரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அதில் சம்பந்தி கொஞ்சம் அதிகமாகவே சுகமாக இருப்பார் என்று தெரியும், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தத் தாளை நன்றாகப் பார். இது யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியது இல்லை. ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. தையல் கடைக்கு மேலே நடக்கும் மாலை வகுப்பில் என்னோடு சேர்ந்தவர்களில் முழுக் கடிதம் எழுதும் முதல் ஆள் நான்தான் என்று டீச்சரம்மா சொன்னார். ழ எழுதும்போது மட்டும் எந்தப் பக்கம் திரும்புவது என்று பேனா கொஞ்சம் நின்று யோசிக்கிறது, மற்றபடி தடங்கல் இல்லை. முந்தின வரியை நான் முடிப்பதற்குள் அம்மா ஒரு வாளித் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து, 'இன்னும் நலம் விசாரிச்சு முடியலையா' என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு நான் இதை ஒரு மாதம் எழுதினாலும் எழுதுவேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி ஒரு புத்தகம் எழுதுகிறாய் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறாய், நீ சொல்லித் தெரியவில்லை, சம்பந்தி போன் போட்டுச் சொன்னார். சும்மா சொல்லியிருந்தால் பரவாயில்லை. 'உங்க பொண்ணு எழுத எழுத எனக்குத்தான் முதல்ல படிக்கக் குடுக்கறா சம்பந்தி, மாமாவுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்னு சொல்லிட்டா' என்றார். அவர் கல்லூரியில் நூலகராக இருந்தவர், பாதி ஆயுள் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர், அவருக்குப் புரிந்தால் ஊருக்கு எப்படிப் புரியும் என்று நான் கேட்கவில்லை. ரொம்ப சந்தோஷம் சம்பந்தி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'உங்க வயித்தெரிச்சல்ல உலை வச்சா இந்த மாசம் கேஸ் மிச்சம்' என்றாள். பொறாமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

அதனால்தான் எனக்கும் ஒன்று அனுப்பு என்று கேட்டேன், நீயும் முதல் அத்தியாயத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பினாய். உறையைப் பிரித்து அம்மா படித்துக் காட்டுகிறேன் என்று கை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. விரலை வைத்து எழுத்து எழுத்தாக நானே படித்தேன். ஒரு பந்தை மேட்டைப் பார்த்து உருட்டினால், வேகம் போதாவிட்டால் பாதி ஏறித் திரும்பி வந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய், அது சரி. ஆனால் எலக்ட்ரான் மாதிரியான சின்னத் துகள் அப்படி இல்லை, ஏறுவதற்குச் சக்தி போதாத மேட்டுக்கு அந்தப் பக்கமும் சில சமயம் கிடைத்துவிடுகிறது, ஏறிப் போனதும் இல்லை, துளை போட்டதும் இல்லை, இதற்குக் குவாண்டம் ஊடுருவல் என்று பெயர் என்று எழுதியிருக்கிறாய். உன் வேலையிடத்தில் ஒரு ஊசி உலோகத்தின் மேல் தொடாமல் நிற்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லாத வெறுமை, இருந்தும் மின்சாரம் ஓடுகிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் விரலை வைத்தவன் எடுக்கவே இல்லை.

உனக்குத் தெரியாதது இல்லை, உன் அப்பா காலமெல்லாம் செய்தது தொட்டி. தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்த் தொட்டி, எதுவானாலும் வெல்டிங் முடிந்ததும் வெளிப்பக்கம் இணைப்பு நெடுகச் சுண்ணாம்பு பூசிக் காயவிடுவோம், உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவோம். மறுநாள் பட்டறையைத் திறந்ததும் கை கழுவாமல் முதலில் போய்ப் பார்ப்பது அந்த வெள்ளையைத்தான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தொட்டி கிளம்பும். குண்டூசி முனை அளவு கறை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத துளை ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், சுரண்டியெடுத்து மறுபடி வெல்டிங். ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் வந்தால் அது எங்கள் தொழிலில் அவமானம். என் மகள் அதையே பெரிய அதிசயம் என்று புத்தகம் எழுதினால் நான் என்ன நினைப்பேன் சொல். நீ அந்த நேரம் வேலையில் இருப்பாய் என்று சம்பந்திக்குப் போன் போட்டேன். 'உங்க மருமக வேலை பாக்கற இடத்துல எங்கயோ கசியுது சம்பந்தி, அது அங்க இருக்கற புள்ளைங்களுக்குத் தெரியல, வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடிச்சு ஒரு ராத்திரி விட்டுப் பாக்கச் சொல்லுங்க' என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் இங்கே காத்திருந்தேன்.

திரும்பி வந்து பொறுமையாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கேலி செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். 'அது கசிவு இல்ல சம்பந்தி, துளை வழியா கசிஞ்சு வர்றது தளர்ந்து போய்ச் சொட்டுச் சொட்டாத்தானே வரும், இது அந்தப் பக்கம் வரும்போது கிளம்பின சக்தியோடவே வருது, ஒரு துளி குறையல, அதப் பாருங்க' என்றார். இன்னொன்றும் சொன்னார். மண்ணெண்ணெய் என்றால் கொஞ்சம் உள்ளே கொஞ்சம் வெளியே என்று பிரியும், இந்தத் துகள் பிரிவதில்லை, தேடினால் முழுசாக இந்தப் பக்கம் இருக்கும், இல்லை முழுசாக அந்தப் பக்கம். அதைக் கோலி மாதிரி நினைக்காதீர்கள், எங்கே கிடைக்கலாம் என்பது ஒரு அலை மாதிரி பரவி இருக்கிறது, அந்த அலை சுவரில் முட்டியதும் சட்டென்று நின்றுவிடாது, சுவருக்குள் தேய்ந்துகொண்டே போகும், சுவர் முடியும் இடத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு என்றார். இதையெல்லாம் நீ சமையலறையில் காபி குடித்துக்கொண்டே சொன்னாய் என்றும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போனை வைத்துவிட்டு மறுபடி தாளை எடுத்தேன். அவர் சொன்னது அத்தனையும் நீ எழுதியிருக்கிறாய், நான்தான் கசிவு என்று முடிவு கட்டிவிட்டு அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை நின்று படித்தேன். சுவர் கொஞ்சம் தடித்தாலே போதும், மறுபக்கம் கிடைப்பது மளமளவென்று குறைந்துவிடும், ஊசி பாதி அணு அகலம் விலகினாலே மின்சாரம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குச் சம்பந்தி ஞாபகம்தான் வந்தது. அவர் அறைக்கும் நீ எழுதும் அறைக்கும் நடுவில் வெறும் பலகைதான், நீ எழுதும்போது உனக்குள்ளேயே வாய்விட்டுப் பேசுவது அந்தப் பக்கம் கேட்கிறது என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளையில் கணக்குப் போடும்போதும் நீ அப்படித்தான் பேசிக்கொள்வாய், அப்போது கேட்டது நான். இப்போது அவருக்குப் பலகை, எனக்குக் கடல். இதை நான் அம்மாவிடம் சொன்னேன், பதிலுக்கு ஏதாவது கிண்டல் வரும் என்று பார்த்தேன், அவள் உன் பழைய அறைக்குப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

இனிதான் முக்கியமான விஷயம். போன வாரம் சம்பந்தியே என்னைக் கூப்பிட்டார். நீயும் மாப்பிள்ளையும் வெளியே போயிருந்தீர்களாம், குரலைத் தாழ்த்திப் பேசினார், யாருமில்லாத வீட்டில் எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியவில்லை. 'சம்பந்தி, சுவருக்குள்ள அலை தேயறதுன்னு ஒரு பக்கம் வருதே, அது உங்களுக்குப் புரிஞ்சுதா' என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை என்றேன். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது. அவர் பெருமூச்சு விட்டார். 'எனக்கும் புரியல, உங்ககிட்ட சொன்னதெல்லாம் அவ சொன்னத அப்படியே ஒப்பிச்சதுதான், அலைங்கறாளே, எதோட அலைன்னே எனக்குப் பிடிபடல, பென்சிலால ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அவ பாக்கறதுக்குள்ள அழிச்சுட்டேன், எதிர்ல நின்னு புரிஞ்சுதா மாமான்னு ஆசையா கேட்டா எப்படி இல்லைன்னு சொல்றது, நல்லா இருக்கும்மான்னுட்டேன்' என்றார். நீ உடனே அந்த அத்தியாயம் முடிந்தது என்று அச்சுக்குப் போகும் தாள் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டாயாம். இதை மகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. எழுத்துத் தெரியாத காலத்தில் இந்த வசதி எனக்கு இல்லை.

ஆகவே கண்ணு, அந்த அத்தியாயத்தைத் தாள் கட்டுக்குள்ளிருந்து வெளியே எடு. அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுத்துவிடாதே. எங்கள் இரண்டு பேருக்கும் வண்டி நிற்கும் இடம் அதே பக்கம்தான். அவருக்கு எதோட அலை என்று தெரிய வேண்டும். எனக்கு வேறு கேள்வி. தகடு தடிமனாக இருந்தால் மண்ணெண்ணெய் வெளியே காட்ட நேரம் எடுக்கும், மெல்லிய தகடு என்றால் சீக்கிரம் காட்டும், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் எங்கள் வேலையில் பாதி. உன் துகள் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக எவ்வளவு நேரம் எடுக்கும், நடுவில் அது எங்கே இருக்கும், அங்கே போய்ப் பார்த்தால் அகப்படுமா. நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஒருவேளை அது உங்களுக்கே இன்னும் தீராத கேள்வியாகவும் இருக்கலாம், அப்படியானால் தெரியவில்லை என்று எழுது, படிக்கிறவன் உன்னை மதிப்பான். சூரியன் எரிவதற்கே இந்த ஊடுருவல்தான் காரணம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், அதைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்தேன், இத்தனை வருஷம் அதன் கீழே நின்று தொட்டி செய்திருக்கிறேன். இவ்வளவு நல்ல விஷயம் ஒரு பக்கத்தால் பாழாகக் கூடாது.

இப்போது நான் கேட்பதைக் கேள். இரண்டாவது அத்தியாயத்தை முதலில் எனக்கு அனுப்பு. சம்பந்தி நல்ல மனுஷர், எதையும் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவார், உன் முகம் வாடினால் அவருக்குப் பொறுக்காது. உன் முகம் எனக்கு இங்கிருந்து தெரியாது, அந்த ஒரு வகையில் கடலும் நல்லதுதான். அவர் கண்ணால் படிக்கிறார், பாதி வரியை ஊகித்துக்கொண்டு ஓடிவிடுவார். நான் விரலால் படிக்கிறேன், ஒரு எழுத்தைத் தாண்டாமல் அடுத்ததுக்குப் போக முடியாது, புரியாத இடத்தில் விரல் தானாக நின்றுவிடும். நின்ற இடத்தையெல்லாம் உனக்கு எழுதுகிறேன். தாமதமாகும், ஆனால் கறை இருக்கும் இடம் தவறாது. ஒன்று மட்டும் செய். அவரிடம் எதையும் கேட்காதே, கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தப் பக்கம் புரியவில்லை என்று சொன்னது அப்பா ஒருவர்தான் என்று வைத்துக்கொள், அலையைப் பற்றிய கேள்வியையும் என் பேரிலேயே எழுதிக்கொள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. அவர் உன் வீட்டில் தலை நிமிர்ந்து காபி குடிக்க வேண்டிய மனுஷர்.

வேறு விசேஷம் இல்லை. குழாய் பழுது பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போன பிறகு முன்பைவிட நன்றாகச் சொட்டுகிறது, நானே பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்டுக்கொண்டு முதல் காரியமாக என் சட்டையில் இருந்த கறையைக் கண்டுபிடித்தாள். உனக்கு அந்த வறட்டு இருமல் இன்னும் இருக்கிறது என்று போனில் கேட்டால் தெரிகிறது, வெந்நீர் குடி, ஏசிக்கு நேராக உட்கார்ந்து எழுதாதே, எழுதுகிற வேகத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். நீ அடிக்கடி எழுதுவதில்லை என்று அம்மாவுக்குக் குறை உண்டு, எனக்கும் உண்டு, ஆனால் நீ அனுப்பிய தாளைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. உன்னிடமிருந்து வருவது எப்போதாவதுதான், வந்தால் குறையாமல் வருகிறது.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், உன் புத்தகம் முன்பின் தெரியாதவர் வீட்டிலெல்லாம் போய் உட்கார வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. மறக்காதே, இரண்டாவது அத்தியாயம், பெரிய எழுத்து, முதலில் எனக்கு. அவருக்கு ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் போதும். அனுப்பும்போது அவரிடம் சொல்லிவிட்டு அனுப்பு. அதுதான் முக்கியம்.

எழுத்து எழுத்தாக,
உன் அப்பா